முதுகில் துப்பாக்கி, சீட்டோரம் கொடுவாள்: போலீஸ் நிறுத்தியது சரியா?

விடியக்காலை ஐந்தரை மணி. ஈரோடு மாவட்டம், கோபியிலிருந்து அத்தாணி போகும் ரோட்டில் போலீஸார் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் ஒருவர் வருகிறார். முதுகில் குறுக்காக, சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று. சாக்கு விலகிய இடத்தில் துப்பாக்கியின் கட்டை தெரிகிறது. மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கும் பன்றிக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் ஒற்றைக்குழல் அது. கை காட்டி நிறுத்துகிறார்கள். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், டேங்க் பையைத் துழாவுகிறார்கள், "ஸ்டேஷனுக்கு வா" என்கிறார்கள்.

இது யாருக்கும் நடந்த சம்பவம் அல்ல, பேசுவதற்காக வைத்துக்கொண்ட உதாரணம். இப்படி ஒன்று டீக்கடையில் பேச்சுக்கு வந்தால் உடனே இரண்டு கட்சியாகிவிடும். "லைசென்ஸ் இருக்கறவனை எதுக்குங்க நிறுத்தோணும்?" என்பது ஒரு கட்சி. "துப்பாக்கியோட வந்தா நிறுத்தாம என்ன பண்ணுவாங்க?" என்பது இன்னொன்று. வண்டியை நிறுத்துவது, ஆவணம் கேட்பது, சோதனை போடுவது, பொருளைப் பறிமுதல் செய்வது, ஆளைக் கைது செய்வது என்று இதில் ஐந்து வேலை இருக்கிறது. ஐந்துக்கும் சட்டம் தனித்தனி. முதல் இரண்டில் போலீஸ் பக்கம் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். மூன்றாவதிலிருந்துதான் அவர்கள் வழுக்குகிறார்கள். அதற்கு முன்பே நம்ம ஆள் வழுக்கியிருந்தால், அவர்கள் வழுக்கியது யார் கண்ணிலும் படாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 130. பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவரிடம் சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரரும் லைசென்ஸைக் கேட்கலாம். எஸ்.ஐ. தான் கேட்க வேண்டும் என்பதில்லை, கான்ஸ்டபிளும் கேட்கலாம். ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆர்சி, இன்சூரன்ஸ் போன்றவற்றை மத்திய மோட்டார் வாகன விதி 139-இன் கீழ் கேட்கலாம். 2018-இல் அந்த விதி திருத்தப்பட்ட பிறகு டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் செல்போனிலேயே காட்டினால் போதும். சட்டப்படி சொன்னதைக் கேட்காமல் முரண்டு பிடித்தால் பிரிவு 179, அபராதம் 2,000 ரூபாய் வரை. சாவியைப் பிடுங்கும் அதிகாரமோ, ஓடும் வண்டி மேல் லத்தியை வீசும் அதிகாரமோ அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "என்ன சந்தேகத்துல நிறுத்துனீங்க, சொல்லுங்க" என்று கேட்பது இப்போது பரவிக்கொண்டு வருகிறது. அங்கே சட்டம் வேறு. எந்தச் சந்தேகமும் இல்லாமல், லைசென்ஸ் பார்ப்பதற்கென்று மட்டும் போகிற வண்டியில் ஒன்றைப் பொறுக்கி நிறுத்தக்கூடாது என்று 1979-இலேயே டெலவேர் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள அனுமதிக்கும் மாநிலத்தில், அது தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தடுத்து நிறுத்தமுடியாது என்று 2013-இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆயுதம் வைத்திருப்பது அவர்களுக்கு அரசியலமைப்பு தந்த உரிமை. நமக்கு அது கலெக்டர் கொடுக்கும் லைசென்ஸ். கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர் கொடுப்பார். அந்த வாதத்தை இங்கே அத்தாணி ரோட்டில் எடுத்துவைத்தால் அது நிற்காது.

நம்ம ஊரில் துப்பாக்கி கண்ணில் பட்டவுடன் ஆயுதச் சட்டம் 1959-இன் பிரிவு 19 வந்துவிடுகிறது. ஆயுதமோ தோட்டாவோ கொண்டுபோகிறவரிடம் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் கேட்கலாம். சந்தேகம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இந்தப் பிரிவில் இல்லை. கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பிரிவு 130 "சீருடையில்" என்கிறது, பிரிவு 19 அப்படிச் சொல்லவில்லை. ஆகவே மஃப்டியில் இருப்பவர் டிரைவிங் லைசென்ஸ் கேட்டால் "அடையாள அட்டை காட்டுங்க, சீருடைல இருக்கற ஏட்டய்யாகிட்ட காட்டறேன்" என்று சொல்ல இடமுண்டு. துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எடுத்துக் காட்டிவிட வேண்டியதுதான்.

காட்டவேண்டியது மூல லைசென்ஸ். ஜெராக்ஸ் எதற்கும் உதவாது. மூலம் வீட்டில் இருக்கிறது என்றால், பெயரும் முகவரியும் கேட்கலாம், தேவைப்பட்டால் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. பெயரைச் சொல்ல மறுத்தாலோ, பொய் சொல்வதாகத் தோன்றினாலோ, ஆள் ஓடிவிடுவார் என்று பட்டாலோ வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம்.

அப்புறம் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில், வண்டியில் கொண்டுபோவது மகன். புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறார், அல்லது பழுது பார்க்கக் கொண்டுபோகிறார். அப்பா கூடவே இருந்தால் சரி. இல்லையென்றால் அவருடைய எழுத்து அனுமதி கையில் இருக்கவேண்டும். பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, லைசென்ஸ்தாரருடைய பயன்பாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க என்ற மூன்று காரணத்துக்கு மட்டும் பிரிவு 3 இந்தச் சலுகையைத் தருகிறது. ஒரு வெள்ளைத் தாளில் துப்பாக்கியின் வகை, நம்பர், லைசென்ஸ் நம்பர், கொண்டுபோகிறவர் பெயர், எதற்காக, எந்தத் தேதி என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் போதும். மூல லைசென்ஸும் கூடவே போகவேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால், சொந்த அப்பன் துப்பாக்கியே ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி.

லைசென்ஸில் எல்லை எழுதும் இடத்தையும் படித்துவிட்டுக் கிளம்பவேண்டும். அதில் எழுதியிருக்கும் எல்லைக்குள்தான் லைசென்ஸ் செல்லும். வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனாலும் பர்கூர் மலையேறிக் கர்நாடகாவுக்குள் இறங்கினாலும் எந்த எல்லைக்கு வாங்கியது என்ற கேள்வி வரும்.

நம்ம உதாரண ஆள் எங்கே தவறினார் என்றால், சாக்கில். பொது இடத்தில் துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோகவேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில் இருக்கவேண்டும், முழுக்க மூடியிருக்கவேண்டும், கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். கட்டை வெளியே தெரிகிற சாக்கு இதில் எதிலும் சேராது. விதியை மீறினால் ஆயுதச் சட்டத்தின் பிரிவு 30, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயுதச் சட்டத்தில் எல்லாக் குற்றமுமே போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடியவை. அதனால் "லைசென்ஸ் இருக்குதுங்க" என்று அவர் சொன்னாலும் போலீஸ் கையில் ஒரு வழக்கு தயாராக இருக்கிறது. ஒரு கேன்வாஸ் உறை வாங்கியிருந்தால் கட்டை கண்ணில் பட்டிருக்காது, பிரிவு 19-க்கே வேலை இருந்திருக்காது.

பைக்கில் துப்பாக்கி கொண்டுபோவது காரில் கொண்டுபோவதைவிட ஆபத்து. குழல் திறக்கும் தோட்டாத் துப்பாக்கி, அதாவது பன்னிரண்டு போர் (12 bore) மாதிரி, குழல், கட்டை, குழலடிக் கட்டை என்று மூன்றாகக் கழன்றுவிடும். கழற்றி உறையில் போட்டால் நீளம் பாதியாகிவிடும், கழற்றிய துப்பாக்கி சுடாது என்பது பார்க்கிற போலீஸ்காரருக்கும் உடனே தெரிந்துவிடும். தோட்டாவைத் தனிப் பையில் உடம்போடு வைக்கவேண்டும். சைடு பாக்ஸில் சைலன்சர் சூடு படும் பக்கம் வைக்கவே கூடாது. வண்டியின் ஓரமாக நீளவாக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் குழல்வாய் எங்கேயாவது இடிக்கும், நசுங்கும். கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்ற விதிக்கும் அது பொருந்தாது. உறையில் போட்டு முதுகில் மாட்டுவதுதான் சரி.

வாய்வழி மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் தொல்லை இன்னும் அதிகம். பயிர்க்காவலுக்குச் சட்டம் முதலில் தருவதே இந்த வகையைத்தான். அது போதாது என்று லைசென்ஸ் தருபவருக்குத் திருப்தியானால்தான் வேறு வகைக் குழல் துப்பாக்கி கிடைக்கும். மருந்தும் ஈய ரவையும் இடித்துவிட்டால் திரும்ப எடுப்பது லேசல்ல என்பதால் இடித்தபடியே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கொண்டு அலைகிறார்கள். வண்டிக் குலுக்கலில் குண்டு மருந்தைவிட்டு முன்னால் நகர்ந்துவிட்டால், அடுத்த முறை சுடும்போது அந்த இடைவெளியில் குழல் வெடிக்கும். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மேல் துப்பாக்கியின் சுத்தி படிந்திருந்தால் சுத்தியில் ஒரு அடி பட்டாலே போதும், வெடிக்கலாம். ஆகவே இடிக்காமல் கொண்டுபோங்கள். கேப்பு, மருந்து, ரவை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. வண்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பாமல், ஒரு வக்கீலைப் பார்த்து ஒப்படைக்கிற வழியைத் தேடவேண்டும். அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி, வெடிமருந்துச் சட்டத்தில் சிக்கும் பொருள். பன்றிக்கு வைத்தது யானைக்குட்டியின் வாயைக் கிழிக்கிறது. அதோடு பிடிபட்டவருக்காகப் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

பயிர்க்காவல் லைசென்ஸ் இருந்தாலே பன்றியைச் சுடலாம் என்ற நினைப்பும் தப்பு. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-ஐத் தாண்டினால் சுடலாம். அதுவும் சுடுவது வனத்துறை, விவசாயி இல்லை. நிறுத்திக் கேட்கும்போது "பன்னி சுடப் போறேனுங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்வது, செய்யப்போகும் குற்றத்தை நாமே எழுதிக்கொடுத்த மாதிரி. அதை வைத்து ஆயுதச் சட்டத்தின் பிரிவு 20-க்கே போகலாம். லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டவிரோதமான காரியத்துக்கு ஆயுதம் கொண்டுபோகிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கைது செய்யலாம் என்கிற பிரிவு அது. நடுராத்திரி, நம்பர் பிளேட்டில் துணி, தலையில் டார்ச், கை காட்டியும் நிற்காமல் முறுக்கிக்கொண்டு போவது எல்லாம் சேர்ந்தால் அந்தக் காரணம் பிறந்துவிடும். விடியக்காலை தன் தோட்டத்து ரோட்டில் நிதானமாக வந்து நின்ற ஆளிடம் அது இல்லை.

நின்றவுடன் என்ன செய்வது? இஞ்சினை அணைத்து ஸ்டாண்டு போடுங்கள். கையை ஹாண்டில்பார் மேலேயே வையுங்கள். உறையைத் தொடாதீர்கள். "சார், முதுகுல உறைக்குள்ள துப்பாக்கி இருக்குதுங்க, தோட்டா போடலைங்க. லைசென்ஸ் சட்டைப்பைல இருக்குது, எடுக்கட்டுங்களா?" என்று வாயால் சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகு எடுங்கள். லைசென்ஸைப் பார்த்து முடிக்கும்வரை துப்பாக்கியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறேன் என்று போலீஸ்காரர் சொன்னால் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. லைசென்ஸ் காட்டாதபோது பறிமுதல் செய்யலாம் என்றுதான் பிரிவு 19 சொல்கிறது, பத்திரத்துக்கு வாங்கி வைப்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனாலும் ரோட்டில் நிற்கும் இரண்டு பேருக்கும் பயம் இருக்கும், அவருடைய பயத்தில் நியாயம் உண்டு. குழலைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

டேங்க் பையைத் துழாவியதுதான் உதாரணத்தில் போலீஸ் செய்த பிசகு. பிரிவு 130-இல் ஆவணம் கேட்கத்தான் அதிகாரம் இருக்கிறது, பையைத் திறக்க இல்லை. வாரண்ட் இல்லாமல் சோதனை போட பிஎன்எஸ்எஸ், அதாவது பழைய சிஆர்பிசி-க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 185-இல் வழி தருகிறது. அதற்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ காரணத்தை எழுத்தில் பதியவேண்டும், செல்போனிலாவது வீடியோ எடுக்கவேண்டும், பதிவை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும். இதெல்லாம் ரோட்டோரத்தில் நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகப் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முறையில்லாத சோதனையில் கிடைத்த பொருளும் சாட்சியமாகச் செல்லும் என்று 1974-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இன்றுவரை பொதுவான நிலை அதுதான். கையைத் தட்டிவிட்டால் அரசு ஊழியரைத் தடுத்ததாகப் புது வழக்கு வரும். "எனக்குச் சம்மதமில்லைங்க" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். கொடுவாள் இல்லாத தோட்டம் கொங்கு நாட்டில் கிடையாது. கிளுவை வேலி கழிக்க, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல் கிளை வெட்டிப்போட, தென்னை மட்டை நறுக்க என்று தினமும் வண்டியில் போய் வருகிற பொருள் அது. அதற்கு ஆயுதச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள் "ஆயுதம்" என்ற வரையறைக்குள் வராது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம், 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்ற அளவைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். விதியில் அந்த அளவு இருப்பது உண்மைதான், ஆனால் அதிலும் விவசாயக் கருவிக்கு விலக்கு எழுதியிருக்கிறது. சட்டத்தில் "மட்டுமே" என்ற சொல் இருப்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டு பக்கமும் தீட்டியது, பிடி நீண்டது, சட்டைக்குள் முதுகில் செருகியது என்றால் விவசாயம் என்ற வாதம் அங்கேயே முடிந்துபோகும்.

ஆகவே கொடுவாளை ஒளிக்காதீர்கள், ஆட்டிக்கொண்டும் போகாதீர்கள். வெட்டு வாய்க்குப் பழைய டியூப் துண்டைச் செருகி, சாக்கில் சுற்றி, கேரியரில் கட்டுங்கள். கயிறு, தொரட்டி, தண்ணிக் கேன், மண்ணு ஒட்டிய செருப்பு எல்லாம் கூட இருந்தால் அவையே பதில் சொல்லிவிடும். வேலை முடிந்து கல்யாணத்துக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ போகும்போது அதைத் தோட்டத்துச் சாளையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சாதிப் பிரச்சினை, திருவிழாத் தகராறு என்று பிஎன்எஸ்எஸ் 163-இல் தடையுத்தரவு போட்டிருந்தால் அதில் ஆயுதம் என்பதோடு கம்பு, அரிவாள் என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம். உத்தரவைப் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த நாட்களில் ரோட்டில் துப்பாக்கியோடு நின்றால் பேச இடமே இல்லை.

மலைப்பக்கம் கணக்கு அடியோடு மாறிவிடும். சத்தியமங்கலம் 2008-இல் சரணாலயம் ஆனது, 2013-இல் புலிகள் காப்பகம். அந்தியூர், கோபி வட்டக் காடுகள் இப்போது தந்தை பெரியார் சரணாலயம். சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் எழுத்து அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது என்பது வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 31. லைசென்ஸ் இருக்கிறது என்பது அங்கே பதிலே ஆகாது. பிரிவு 50-இன்படி, குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் வனத்துறை அலுவலரோ, எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோ வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும் என்று பிரிவு 34 சொல்கிறது. புதிதாக அறிவித்த சரணாலயம் என்றால் அறிவிப்பிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். திம்பம் மலைப்பாதையில் 2022-இலிருந்து இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. காப்பகத்துக்குள் நுழையும் பண்ணாரி செக்போஸ்டில் உறையைக் காட்டி "ஆசனூருக்குத்தானுங்க போறேன்" என்றால் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அத்தாணி ரோட்டில் டேங்க் பையைத் துழாவியதைத் தப்பு என்று சொல்லும் நானே, பண்ணாரியில் துப்பாக்கியோடு வந்தவரின் பையைத் துழாவினால் சரி என்பேன்.

உதாரணத்துக்குத் திரும்பலாம். நிறுத்தியது சரி. லைசென்ஸ் கேட்டது சரி. துப்பாக்கியைச் சற்று நேரம் வாங்கி வைத்தது ஏற்கத்தக்கது. பை துழாவியது தப்பு. "ஸ்டேஷனுக்கு வா" என்றது என்ன காரணத்துக்கு என்பதைப் பொறுத்தது. உறை விதியை மீறியதற்கு வழக்கு என்றால், ஆறு மாதத் தண்டனைக் குற்றத்துக்கு ஆளைப் பிடித்துப் போகாமல் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்வதுதான் முறை. சும்மா உட்கார வைக்க என்றால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. கைது என்று சொன்னால் காரணத்தைச் சொல்லவேண்டும், வீட்டாருக்குத் தகவல் தரவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டால், பறிமுதல் விவரம் எழுதும் மகஜரின் நகல் கேளுங்கள். அதில் துப்பாக்கியின் வகை, நம்பர், குழல் எத்தனை, தோட்டா எத்தனை, உறை இருந்ததா, எந்த இடம், எத்தனை மணி, சாட்சி யார் என்பதெல்லாம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தோட்டா எண்ணிக்கைக்கு எதிரே வெற்றிடம் விட்டிருந்தால் போடாதீர்கள், நிரப்பச் சொல்லுங்கள். லைசென்ஸில் வாங்கியது, சுட்டது, மீதி இருப்பது எல்லாம் கணக்கில் நிற்கும், நாளைக்கு ஒன்று குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். மறுநாளே மூல லைசென்ஸோடு ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் பிஎன்எஸ்எஸ் 503-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போடலாம். லைசென்ஸே இல்லை என்று ஆயுதச் சட்டத்தின் பிரிவு 3-இல் வழக்குப் போட்டால், அதே சட்டத்தின் பிரிவு 39-இன்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கித்தான் வழக்கை நடத்தமுடியும். உங்கள் வக்கீல் முதலில் பார்க்கவேண்டியது அந்த அனுமதிக் கடிதத்தின் தேதியை.